1974இன் இரண்டு உடன்படிக்கைகள்: கச்சதீவுக்கு ஒரு கோடு, மலையக மக்களுக்கு ஒரு கணக்கு

1974ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் இரண்டு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. ஒன்று ஜனவரியில், மற்றது ஜூனில். இரண்டிலும் இலங்கைத் தரப்பில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, இந்தியத் தரப்பில் பிரதமர் இந்திரா காந்தி.

ஜூன் உடன்படிக்கை கச்சதீவையும் அதைச் சுற்றிய கடலையும் பற்றியது. ஏறக்குறைய 285 ஏக்கர் நிலம். குடிதண்ணீர் கிடையாது, நிரந்தரமாக எவரும் குடியிருப்பதில்லை, அந்தோனியார் கோவில் ஒன்று இருக்கிறது. ஜனவரி உடன்படிக்கை 150,000 மனிதர்களைப் பற்றியது. எந்த நாட்டுக்காரர் என்று முடிவாகாமல் விடப்பட்டிருந்த மலையகத் தமிழரை 75,000, 75,000 என்று இரண்டு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

நெடுந்தீவிலும் மன்னாரிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஜூன் உடன்படிக்கையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் பிறந்த கொத்மலைப் பக்கத்தில் ஜனவரி உடன்படிக்கையும் அதற்கு முந்திய 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும்தான் லயத்துப் பேச்சு. வடக்குக்கு ஒரு வரலாறு, மலையகத்துக்கு வேறொரு வரலாறு என்று தனித்தனியாகவே படித்துவருகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு அயல்நாடுகள் தங்களுக்கிடையிலான பிணக்கைத் தீர்க்கும்போது நடுவில் இருக்கும் சனங்களுக்கு என்ன எழுதிக் கொடுக்கின்றன, என்ன எழுதாமல் விடுகின்றன என்பது தெரியும். அதற்கு ஒப்பீடாக, எங்களைப் போலவே எல்லைப் பிணக்குகளால் அலைந்த மத்திய அமெரிக்க நாடுகளின் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

கச்சதீவு: கோடு எப்படி வந்தது

பிரித்தானியர் காலத்தில் கடலின் இரு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. ஆனாலும் மீன்வளத்தை யார் ஆளுவது என்ற கேள்வி சென்னை மாகாண அரசுக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் வந்தது. 1921ஆம் ஆண்டு நடந்த பேச்சில், கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, தீவு இலங்கைப் பக்கம் விழும்படி ஒரு கோடு பேசப்பட்டது. இராமநாதபுரம் ஜமீனின் உரிமைக் கோரிக்கை அப்படியே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீவு குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. இரண்டு நாடுகளும் சுதந்திரம் பெற்ற பிறகு 1950களில் பிணக்கு மறுபடி கிளம்பியது.

1974 ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுடில்லியிலும் கையெழுத்தான உடன்படிக்கை, ஆதாம் பாலத்திலிருந்து பாக்கு நீரிணை வரை கடல் எல்லையை வரையறுத்தது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. இதில் கவனிக்கவேண்டியவை 5ஆம், 6ஆம் பிரிவுகள். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது 5ஆம் பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது 6ஆம் பிரிவு.

ஆக, கோடு போட்டபோது அந்தக் கடலைப் புழங்கும் சனங்களை இரண்டு அரசுகளும் நினைத்துப் பார்த்திருக்கின்றன. அரைகுறையாகவேனும் ஏதோ எழுதியிருக்கின்றன. ஆனால், 'மரபாக அனுபவித்த உரிமை' என்றால் மீன்பிடிப்பதும் அடங்குமா, வலை காயவைப்பதும் இளைப்பாறுவதும் திருவிழாவுக்கு வருவதும் மட்டும்தானா என்பது தெளிவாக எழுதப்படவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த அரைகுறையும் சுருங்கியது. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வரையப்பட்டது. அதே நாளில் இரண்டு நாடுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்று அந்தக் கடிதங்கள் சொல்லின. இந்தியாவில் அப்போது அவசரநிலை. கச்சதீவு உடன்படிக்கையை எதிர்த்து 1974 ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றிய தமிழகத்தின் தி.மு.க. அரசு 1976 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்களின் தொழிலைத் தொடும் விடயம், இரண்டு அதிகாரிகளின் கடிதத்தில் முடிந்துபோனது.

அதன் விளைவு என்ன என்று வடக்கு வாசகருக்குத் தெரியும். போர்க் காலம் முழுக்க எங்கள் கடற்றொழிலாளருக்குப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, உயர்பாதுகாப்பு வலயம். அந்த ஆண்டுகளில் தமிழகத்தின் இழுவைப் படகுகள் பெருகி இந்தப் பக்கம் வந்து பழகிவிட்டன. 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பியவர்கள் தங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் ரோலர்களைத்தான் கண்டார்கள். 2017இல் இலங்கை சட்டம் திருத்தி அடிமட்ட இழுவைமடி முறையைத் தடைசெய்தது. கைதுகளும் படகுப் பறிமுதல்களும் உயிரிழப்புகளும் நிற்கவில்லை.

கச்சதீவு யாருடையது என்ற விவாதமோ தமிழகத்தில் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. 2008இல் ஜெயலலிதா இந்திய உச்ச நீதிமன்றம் போனார். 2014இல் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர், தீவை மீட்பதென்றால் போருக்குத்தான் போகவேண்டியிருக்கும் என்ற தொனியில் அதே நீதிமன்றத்தில் பதில் சொன்னார். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் போட்டது. செப்டம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவுக்கே போய்வந்தார். வலை அறுந்த கடற்றொழிலாளிக்கு இந்த இரண்டினாலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கொத்மலை: மனிதர்கள் எப்படிப் பிரிக்கப்பட்டார்கள்

மக்களைப் பற்றிய உடன்படிக்கைக்கு நீண்ட முன்கதை உண்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு என்று கொத்மலையைச் சுற்றிய தோட்டத் தொகுதிகள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. பிரஜாவுரிமை போனது, அதோடு வாக்கும் போனது. 1977 வரை தோட்டத் தொழிலாளரின் வாக்கில் ஒருவர் நாடாளுமன்றம் போக முடியவில்லை.

இலங்கையில் நிலைகொண்டுவிட்டவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. அவர் 1964 மேயில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் புதுடில்லியில் ஒப்பந்தம் செய்தனர். மொத்தம் 975,000 பேர் என்று மதிப்பிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கைக்கு நான்கு பேர் என்ற விகிதம் அதிலிருந்துதான் வந்தது. 'பிறகு பேசுவது' என்று வைத்த 150,000 பேரைத்தான் 1974 ஜனவரியில் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

இந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் அந்த மக்களிடமோ அவர்களுடைய தொழிற்சங்கங்களிடமோ சம்மதம் கேட்கப்படவில்லை. கச்சதீவு உடன்படிக்கையில் அந்தோனியார் கோவில் யாத்திரிகருக்கு ஒரு பிரிவு இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அந்த நாட்டுக்கும் தங்கை இந்த நாட்டுக்கும் என்று போனால், விசா இல்லாமல் வந்து பார்த்துப்போக ஒரு பிரிவு ஜனவரி உடன்படிக்கையில் இல்லை. இரண்டு ஆவணங்களையும் அடுத்தடுத்து வாசித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்.

என் அம்மாயி குடும்பத்தில் நடந்ததும் அதுவே. பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் அவர்கள் ஐந்து பிள்ளைகள். இரண்டு அண்ணன்மார் இந்தியாவுக்கு எழுதினார்கள், அம்மாயி இங்கே எழுதினார். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். "எங்களுக்கு என்னா தெரியும் தம்பி? கணக்கப்புள்ளதான் பாரம் எழுதுனாரு. பெரியண்ணனுக்கு இந்தியானு கடுதாசி வந்துச்சு, போயிட்டாக" என்றார். பெரியண்ணன் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் போய் மறுபடியும் கொழுந்துதான் பறித்தது. இந்தியாவிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு வருடத்துக்கு ஒன்று, பிறகு இல்லை.

இப்படிப் போனவர்களுக்காகவே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அப்படித் தோன்றியதுதான். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடிக்கப் போனவர்களின் ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பெட்டிக்குள்ளும் மேடையிலும் ஒரே நேரத்தில் அழுகை. இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. 1973, 74ஆம் ஆண்டுகள் தோட்டங்களில் பஞ்ச காலம். மாவும் அரிசியும் கிடைக்கவில்லை, பட்டினிச் சாவுகள் நடந்தன. அதே நேரம் காணிச் சீர்திருத்தம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தக் காணியைக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, அதே காணியில் நான்கு தலைமுறை உழைத்த தோட்டத் தொழிலாளருக்குப் பங்கில்லை. அவர்கள் பிரஜைகள் இல்லையே! நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இன்றும் மலையகத்தில் காணி பற்றிப் பேசினால் அவர் பெயர் வராமல் இருக்காது.

அங்கே: 'கால்பந்துப் போர்' என்ற பொய்யான பெயர்

ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு தலைப்பு எப்படி உண்மையை மூடிவிடும் என்பதற்கு எங்களுக்குக் காட்டப்பட்ட உதாரணம் 1969ஆம் ஆண்டின் 'கால்பந்துப் போர்'. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோரும் ஹொண்டுராஸும் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஜூன் மாதம் மூன்று ஆட்டங்கள் ஆடின. இரண்டு நாட்டிலும் கலவரம். ஜூலை 14இல் எல் சல்வடோரின் படை எல்லையைக் கடந்தது. ஏறக்குறைய நூறு மணி நேரச் சண்டை. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். உலகப் பத்திரிகைகள் இதைக் கால்பந்துக்காக நடந்த போர் என்று எழுதின.

அன்று வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. காரணம் பந்து அல்ல, காணி. ஹொண்டுராஸ் பரப்பளவில் எல் சல்வடோரைப்போல் ஐந்து மடங்கு பெரியது. சிறிய எல் சல்வடோரிலோ சனம் அதிகம், நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில். ஆகவே பல தசாப்தங்களாக ஏழை விவசாயிகள் எல்லை தாண்டிப்போய் ஹொண்டுராஸின் வாழைத் தோட்டங்களிலும் வெறும் காணிகளிலும் உழைத்தார்கள். 1969இல் அவர்கள் ஏறக்குறைய 300,000 பேர். ஹொண்டுராஸ் 1962ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், அங்கே பிறந்த ஹொண்டுராஸ் பிரஜைகளுக்குத்தான் காணி என்று சொல்லி இவர்களை எழுப்பியது. இரண்டு நாட்டுக்கும் இடையிலான குடிபெயர்வு உடன்படிக்கை 1969 ஜனவரியில் காலாவதியானபோது ஹொண்டுராஸ் அதைப் புதுப்பிக்கவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு திரும்பி ஓடின.

பிறந்த மண்ணல்லாத நாட்டில் உழைத்தவர்களுக்குக் காணி இல்லை, பிரஜாவுரிமை இல்லை, கடைசியில் வண்டியேற்றம். 'ஹொண்டுராஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு நுவரெலியா என்று போட்டாலும் வசனம் பெரிதாக மாறாது. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் இரண்டு அரசுகளும் போருக்குப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தன.

திரும்பி வந்தவர்களுக்கு எல் சல்வடோரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. 1980இல் அங்கே வெடித்த உள்நாட்டுப் போருக்கு அந்தக் காணிப் பசியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முடிவாகாத எல்லையும் அந்தப் போரில் மனிதரைக் கொன்றது. 1980 மே 14ஆம் திகதி, சும்புல் ஆற்றைக் கடந்து ஹொண்டுராஸுக்குத் தப்பியோட முயன்ற கிராமத்துச் சனத்தை எல் சல்வடோர் படையினர் கொன்று குவித்தனர். மறுகரைக்குப் போனவர்களை ஹொண்டுராஸ் படையினர் மறித்துத் திருப்பினர். குறைந்தது 300 பேர் என்று பின்னாளில் ஐ.நா.வின் உண்மை ஆணைக்குழு பதிவு செய்தது. பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். முன்னால் தண்ணீர், பின்னால் படை என்ற நிலையை இந்தப் பக்கத்தின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அங்கே என்ன எழுதப்பட்டது

மத்திய அமெரிக்காவின் எல்லைப் பிணக்குகளுக்கு மூலம் ஒன்றுதான். 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டபோது, ஸ்பெயினின் பழைய மாகாண எல்லைகளே புதிய நாடுகளின் எல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாகாண எல்லைகளோ சரியாக அளக்கப்படாதவை. பழைய காணி உறுதிகளும் ஆற்றுப் பெயர்களும்தான் ஆதாரம். ஆகவே ஏறக்குறைய எல்லா அயல்நாடுகளுக்கும் இடையில் வழக்கு. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மேலே சொன்ன எல் சல்வடோர்–ஹொண்டுராஸ். இரண்டு நாடுகளும் 1980 அக்டோபர் 30ஆம் திகதி லிமா நகரில் சமாதான உடன்படிக்கை செய்தன. (அதே அக்டோபர் 30தான் எங்கள் 1964 ஒப்பந்தத்தின் திகதியும்.) பேசித் தீராத ஆறு நிலத் துண்டுகளையும் பொன்செகா வளைகுடாவின் தீவுகளையும் பற்றிய வழக்கு ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1992 செப்டம்பர் 11இல் தீர்ப்பு. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹொண்டுராஸுக்கு. தீவுகள் பிரிக்கப்பட்டன. கரையோரப் பட்டி தவிர்ந்த வளைகுடாத் தண்ணீர், நிக்கரகுவாவையும் சேர்த்து மூன்று நாட்டுக்கும் பொது என்றது நீதிமன்றம்.

ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள், எல் சல்வடோர்காரர்களாகவே வாழ்ந்துவந்த கிராமத்தார் பலர் ஹொண்டுராஸ் மண்ணில் இருந்தார்கள். அவர்களுடைய காணி உறுதி என்னாவது, பிள்ளைகள் எந்த நாட்டார்? இதற்காகவே 1998இல் இரண்டு நாடுகளும் தேசிய இனவுரிமையும் ஏற்கெனவே பெற்ற உரிமைகளும் பற்றித் தனி உடன்படிக்கை செய்தன. எந்த நாட்டுப் பிரஜையாக இருப்பது என்பதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும், காணிக்கான பாதுகாப்பும் அதில் எழுதப்பட்டன. நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடித்தன, காகிதத்துக்கு அலைந்தவர்கள் ஏராளம். ஆனாலும் கோட்டின் மேல் வாழ்பவர்களுக்கென்று ஓர் ஆவணம் இருந்தது. எழுதப்பட்ட ஆவணத்தைக் காட்டிக் கேட்கலாம். எழுதாததைக் கேட்க முடியாது.

இரண்டாவது, கொஸ்டாரிக்கா–நிக்கரகுவா. 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சான் யுவான் ஆறு நிக்கரகுவாவுக்குச் சொந்தம். அதன் கீழ்ப்பகுதியின் தென்கரையோ கொஸ்டாரிக்காவின் நிலம். கரையில் குடியிருப்பவர்கள் பரம்பரையாக ஆற்றில் மீன்பிடித்து உண்டவர்கள். வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2009 ஜூலை 13இல் வந்த தீர்ப்பு ஆறு நிக்கரகுவாவுடையதுதான் என்பதை மாற்றவில்லை. ஆனால் கொஸ்டாரிக்காக் கரைவாசிகள் தங்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கரையிலிருந்து மீன்பிடிப்பது வழக்காற்று உரிமை, அதை நிக்கரகுவா மதிக்கவேண்டும் என்றது. வணிகத்துக்காகப் பிடிப்பது இதில் அடங்காது.

பாக்கு நீரிணையில் இந்த வேறுபாட்டை எவரும் எழுதவில்லை. 1974இல் 'மரபுரிமை' என்று பொதுவாகச் சொன்னார்கள், 1976இல் 'கூடாது' என்று பொதுவாகச் சொன்னார்கள். கட்டுமரத்தில் வருபவனும் பெரிய இயந்திரத்தோடு கடலடியை வாரிக்கொண்டு போகும் ரோலரும் அந்தக் கடிதங்களில் ஒன்றுதான். இன்று நெடுந்தீவுத் தொழிலாளி இராமேஸ்வரத்துச் சிறு மீனவனைப் பற்றி முறையிடவில்லை, ரோலரைப் பற்றித்தான் முறையிடுகிறான். இறைமையைத் தொடாமலே அந்த வேறுபாட்டை எழுதலாம் என்பதற்கு சான் யுவான் ஒரு முன்னுதாரணம்.

மூன்றாவது, குவாத்தமாலா–பெலிஸ். 1859ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து தொடரும் பிணக்கு. பெலிஸ் 1981இல் சுதந்திரம் பெற்ற பிறகும் தீரவில்லை. வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்று இரண்டு நாடுகளும் தங்கள் மக்களிடமே வாக்குக் கேட்டன. குவாத்தமாலாவில் 2018 ஏப்ரலில், பெலிஸில் 2019 மேயில். இரண்டு இடத்திலும் ஆம் என்ற பதில் வென்றது. அதன் பிறகுதான் வழக்கு ஹேக்குக்குப் போனது. நிலத்தைப் பற்றிக் கேட்கவே அங்கே வாக்கெடுப்பு. இங்கே 975,000 மனிதரைப் பிரிக்க ஒருவரையும் கேட்கவில்லை.

மிச்சமிருந்தவர்களும் போருக்குள் போனவர்களும்

1964 ஒப்பந்தத்தின் காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு, காலடியில் இலங்கைத் தோட்டம் என்று பல்லாயிரம் பேர் நடுவில் நின்றுபோனார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் சிலருக்கு வழி திறந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் உட்பட மிச்சமிருந்த ஏறக்குறைய 168,000 பேருக்கு வழி செய்தது. 1948இல் தொடங்கியது முடிய 55 ஆண்டுகள்.

இதற்கிடையில் இன்னொரு பாதையும் இருந்தது. 1958, 1977 கலவரங்களுக்கும் எழுபதுகளின் பட்டினிக்கும் தப்பி மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போனவர்கள் ஆயிரமாயிரம். காந்தீயம் அமைப்பு அவர்களில் பலரை வடக்கின் எல்லையோரக் காணிகளில் குடியேற்றியது. கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்தவர்களை 1984இல் படையினர் வெளியேற்றினார்கள். வன்னியில் தங்கியவர்கள் 2009 வரை எல்லா இடப்பெயர்வையும் கண்டார்கள். என் அப்பாவின் சித்தப்பா குடும்பம் 1977இல் கிளிநொச்சிக்குப் போய், 2009இல் மெனிக் பாம் முகாமில் கிடந்து திரும்பிய குடும்பம். கொத்மலையில் காணி இல்லாமல் போனவர்களுக்கு இன்றும் வன்னியில் உறுதி இல்லாத காணிதான். போரில் இறந்தவர்களின் கணக்கில் அவர்கள் 'வன்னிச் சனம்'. எந்த மலையிலிருந்து, எந்த ஒப்பந்தத்தால் வந்தவர்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

தமிழகத்துக்கு அகதியாகப் போனவர்களிலும் மலையக வழிவந்தவர்கள் பலர். அவர்களுக்காக 2009இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களை மட்டுமே பேசுகிறது. இலங்கையிலிருந்து போனவர்கள் அதில் இல்லை.

இனிக் கேட்கவேண்டியவை

கச்சதீவு மறுபடியும் செய்தியாகும். கடல் எல்லையோ குடியுரிமையோ மறுபடியும் பேச்சுமேசைக்கு வரும். அப்போது தீவு யாருக்கு என்ற ஒரே கேள்வியோடு நாங்கள் நின்றுவிடக்கூடாது. மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கவேண்டும். இந்த முடிவால் பாதிக்கப்படுபவர்களிடம் கேட்டீர்களா? சிறு தொழிலாளிக்கும் பெரும் முதலாளிக்கும் வேறுபாடு காட்டி எழுதினீர்களா? எழுதியதைப் பிறகு ஒரு கடிதத்தால் மாற்ற முடியாதபடி, இரண்டு நாடாளுமன்றங்களிலும் வைத்தீர்களா? 1964, 1974, 1976 மூன்றிலும் இவற்றுக்கு ஆம் என்ற பதில் இல்லை.

கடைசியாக, வீட்டில் பார்க்கவேண்டிய ஒரு விடயம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய வம்சாவளியினர் ஒருவர் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராக இருக்கவேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் வழிவந்து இங்கே வசிப்பவராக இருக்கவேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்தான் அளவுகோல். ஆகவே தாத்தா பாட்டியின் பழைய பிறப்புப் பதிவு, தோட்டத்துப் பதிவு, குடும்ப அட்டை, காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு எதுவானாலும் 'பழைய கடுதாசி' என்று எறிந்துவிடாதீர்கள். வன்னியிலோ தமிழக முகாமிலோ இருக்கும் உறவினருக்குப் பிரஜாவுரிமையோ காணியோ கேட்டு விண்ணப்பிக்கும்போது, அந்தக் காகிதம்தான் முதலில் கேட்கப்படும்.